அத்திரம்பாக்கம்: ஒரு சிற்றூரின் பதினைந்து இலட்சம் ஆண்டுகள்

ஓர் ஊரின் வரலாற்றை எழுத வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது? பழைய கோயில் இருந்தால் கல்வெட்டுகளைப் படிக்கலாம். கோட்டை இருந்தால் அதைக் கட்டியவர் யார் என்று தேடலாம். திருமுல்லைவாயிலுக்கும் பூவிருந்தவல்லிக்கும் இவ்வாறு வரலாறு எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். இந்த வழியில் பின்னோக்கிச் சென்றால் ஆயிரம் ஆண்டு, மிஞ்சினால் இரண்டாயிரம் ஆண்டு வரை போகலாம். அதற்கு மேல் எழுத்து நமக்குத் துணை வராது.

எழுத்து துணை வராத இடத்தில் மண் துணை வருகிறது. மண்ணை மட்டுமே சான்றாகக் கொண்டு உலக அறிவியல் ஏடுகளில் இடம்பெற்ற ஓர் ஊர் நம் அருகிலேயே இருக்கிறது. அதன் பெயர் அத்திரம்பாக்கம். திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர். அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழும் நம்மில் பலர் அதன் பெயரைக் கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் மனித குலத்தின் தொன்மையை ஆராயும் அறிஞர்கள் எந்த நாட்டைச் சேர்ந்தவராயினும் அப்பெயரை அறிவார்கள்.

இந்த ஊரின் நில அமைப்பையும், அந்நிலத்தில் எழுதப்பட்டிருந்த வரலாற்றை அறிவியலார் எவ்வாறு படித்தனர் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஊரும் ஆறும் மலையும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் ஆகியவற்றைக் கடந்தால் திருவள்ளூர் வருகிறது. அதற்கு வடக்கே, பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்த பகுதியில் அத்திரம்பாக்கம் அமைந்துள்ளது. சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. 'பாக்கம்' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் தொண்டை மண்டலத்தில் ஏராளம். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் ஆகியவற்றின் தூரத்து உறவுதான் இந்தப் பாக்கமும்.

இங்கே ஓடும் பெரிய ஆறு கொசத்தலையாறு. கொற்றலையாறு என்றும் சொல்வர். இதே ஆற்றில் பூண்டியருகே அணை கட்டி 1944ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட நீர்த்தேக்கந்தான் சத்தியமூர்த்தி சாகர். நாம் குழாயைத் திறந்து பிடிக்கும் குடிநீரில் அந்த நீரும் கலந்திருக்கிறது. ஆறு அதன் பின் கிழக்கே சென்று எண்ணூரில் கடலில் கலக்கிறது. முன்னொரு காலத்தில் பாலாறே இவ்வழியாக ஓடியது என்று நிலவியலார் பலர் கருதுகின்றனர். இன்றைய சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கு அதன் தகுதிக்கு மீறி அகலமாகவும், சரளைக்கற்கள் மிகுந்தும் இருப்பது அதற்கு ஒரு காரணம்.

அத்திரம்பாக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 38 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோ 47 கிலோமீட்டர் தொலைவில். ஆகவே கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடச் சரிவில்லை. இத்தகைய தட்டையான நிலத்தில் வெள்ளம் மெதுவாகப் பரவும். கொண்டு வந்த வண்டலை மென்மையாகப் படிய வைக்கும். கீழே கிடக்கும் பொருளைப் புரட்டி அடித்துச் செல்லாமல் அதன் மேல் போர்வை போர்த்துவது போல மூடிவிடும். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

ஊருக்கு அண்மையில் அல்லிக்குழி மலைகள் உள்ளன. உயரம் அதிகமில்லை, முந்நூறு நானூறு மீட்டருக்குள் அடங்கும் குன்றுகள்தாம். இவற்றின் பாறை ஒரு விதமான கூழாங்கல் திரள். பழங்காலத்து ஆறு ஒன்று உருட்டி வந்த பெரிய கூழாங்கற்கள் சேர்ந்து இறுகிய பாறை அது. அக்கூழாங்கற்களில் பெரும்பாலானவை குவார்ட்சைட் என்னும் கல். மணற்கல் நிலத்தினடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிக் குவார்ட்சைட் ஆகிறது. கருங்கல்லை உடைத்தால் சொரசொரப்பாக, கண்டபடி உடையும். குவார்ட்சைட்டைச் சரியான கோணத்தில் தட்டினால் சிப்பி போன்ற வளைவோடு சில்லு பெயரும். சில்லின் ஓரம் கத்தி போல் கூர்மையாக இருக்கும்.

நீர் ஓடும் பள்ளத்தாக்கு, வேட்டைக்கு விலங்குகள் வரும் வெளி, கருவி செய்ய ஏற்ற கல். இம்மூன்றும் ஒரே இடத்தில் கூடியது இப்பகுதியின் நல்வாய்ப்பு.

பிரான்சில் ஒரு சிற்றூர்

இப்போது நாம் சற்றுத் தொலைவு செல்ல வேண்டும். பிரான்சு நாட்டின் வடபகுதியில் சோம் என்றோர் ஆறு உண்டு. அதன் கரையில் உள்ள நகரம் அமியான். அந்நகரின் விளிம்பில் இருந்த சிற்றூர் செயின்ட் அச்சூல். அங்கே சரளைக்கல் வெட்டி எடுக்கும் குழிகள் இருந்தன. குழிகளில் வேலை செய்தவர்களுக்கு இருபுறமும் செதுக்கிய, இலை வடிவான கற்கள் அடிக்கடி கிடைத்தன. அவற்றுடன் அழிந்துபோன யானையினங்களின் எலும்புகளும் கிடைத்தன.

அழிந்துபோன விலங்கும் மனிதன் செய்த கருவியும் ஒரே மண்ணடுக்கில் கிடக்கின்றன என்றால், மனிதனும் அவ்விலங்கும் ஒரே காலத்தில் வாழ்ந்தனர் என்று பொருள். அக்காலத்து ஐரோப்பாவில் பலர் இதை ஏற்கவில்லை. மனித வரலாறு ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டது என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருந்தது. "வேலையாட்கள் செய்து விற்கும் போலிக் கற்கள்" என்றும், "மேலிருந்து சரிந்து விழுந்தவை" என்றும் மறுப்புகள் எழுந்தன.

1859ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்திலிருந்து ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவான்ஸ் என்ற இருவர் செயின்ட் அச்சூலுக்கு வந்தனர். குழியின் சுவரில், எவரும் தொடாத சரளை அடுக்கில், ஒரு கைக்கோடாரி பதிந்திருப்பதைத் தம் கண்ணால் கண்டனர். அதைப் பிடுங்கி எடுப்பதற்கு முன் புகைப்படம் எடுக்கச் செய்தனர். அந்த ஒரு புகைப்படம் அதுவரை சேர்த்த நூற்றுக்கணக்கான கற்களைவிட வலிமையான சான்றாயிற்று. காரணம், அதில் கல் மட்டுமன்றிக் கல் கிடந்த இடமும் இருந்தது.

1872இல் கப்ரியேல் டி மார்ட்டிலே என்ற பிரெஞ்சு அறிஞர் இவ்வகைக் கருவிகளைச் செய்த பண்பாட்டிற்குச் செயின்ட் அச்சூலின் பெயரையே சூட்டினார். அது முதல் ஆப்பிரிக்காவில் கிடைத்தாலும் ஆசியாவில் கிடைத்தாலும் இவை 'அச்சூலியன்' கருவிகள் என்றே வழங்கி வருகின்றன.

பல்லாவரத்திலிருந்து அத்திரம்பாக்கத்திற்கு

பிரான்சுச் செய்தி கடல் கடந்து சென்னைக்கு வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் இளம் நிலவியலார் பணியாற்றி வந்தார். 1834இல் பிறந்த அவர் 1858இல் அத்துறையில் சேர்ந்தவர். பாறைகளையும் கனிமங்களையும் ஆராய்வதே அவர் பணி. எனினும் பிரெஸ்ட்விச், எவான்ஸ் ஆகியோரின் கண்டுபிடிப்பைப் படித்திருந்த அவர், நம் நாட்டுச் சரளை அடுக்குகளிலும் அத்தகைய கருவிகள் இருக்கலாமே என்று கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு சரளைக்கல் குழியில் அவருக்கு ஒரு கல் கிடைத்தது. மனிதன் செதுக்கியது என்பதில் ஐயமில்லை. இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்காலத்தைச் சேர்ந்தது என்று அடையாளம் காணப்பட்ட முதல் கருவி அதுவே. அதே ஆண்டு செப்டம்பர் மாதம் ஃபுட்டும் அவருடைய சக ஊழியர் வில்லியம் கிங்கும் கொசத்தலையாற்றுப் பகுதியை ஆராயச் சென்றனர். அத்திரம்பாக்கத்து ஓடையில் ஒன்றிரண்டல்ல, ஏராளமான கருவிகள் கிடைத்தன.

பல்லாவரத்தில் கிடைத்தது தனிக் கல். அத்திரம்பாக்கத்தில் கிடைத்ததோ ஒரு வாழிடம். இங்கே மழைநீர் மண்ணை அரித்துக் குறுகலான ஓடைகளை உண்டாக்கியிருக்கிறது. அவ்வோடைகளின் சுவர்களில் மண்ணடுக்குகளைக் காணலாம். தரையில், அடுக்குகளிலிருந்து கழன்று விழுந்த கருவிகளைக் காணலாம்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ஆற்றில் உருளும் கற்கள் ஒன்றோடொன்று மோதித் தாமாகவே உடைவதில்லையா? மனிதன் செய்தது என்று எப்படிச் சொல்வது? தற்செயலாக உடைந்த கல்லில் ஒன்றிரண்டு சில்லுகள் ஒழுங்கின்றிப் பெயர்ந்திருக்கும். கருவியிலோ அடுத்தடுத்துப் பல சில்லுகள், ஒரே விளிம்பை நோக்கி, இரு பக்கங்களிலும் சீராகப் பெயர்க்கப்பட்டிருக்கும். ஓங்கி அடித்த இடத்தில் சில்லின் உட்புறம் குமிழ் போன்ற புடைப்புத் தோன்றும். ஒரு கல்லில் இந்த ஒழுங்கைக் காணலாம். நூறு கற்களில் அதே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் அதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஃபுட்டிற்குப் பிறகும் பலர் இங்கு வந்தனர். 1930களில் பேட்டர்சன் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும், நம் நாட்டைச் சேர்ந்த வி. டி. கிருஷ்ணசாமியும் இப்பள்ளத்தாக்கின் கருவிகளை ஆராய்ந்தனர். 1960களில் இந்தியத் தொல்லியல் துறையின் கே. டி. பானர்ஜி அத்திரம்பாக்கத்திலும் அருகிலுள்ள குடியம் குகையிலும் அகழ்வாய்வு நடத்தினார். இந்தியாவின் கைக்கோடாரி மரபிற்குச் 'சென்னை மரபு' என்ற பெயரே வழங்கலாயிற்று. ஆயினும் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. இக்கருவிகளுக்கு வயது என்ன?

ஆவடி என்ற பெயரால் வந்த தடை

விடை கிடைக்காமைக்கு ஒரு சுவையான காரணம் உண்டு. அதில் நம் ஆவடிக்கும் பங்கிருக்கிறது.

ஆவடியின் நிலத்தடியில் படிவுப் பாறை ஒன்று உள்ளது. மெல்லிய தாள்கள் அடுக்கியது போன்ற களிப்பாறை. பெரும் ஊர்வன உலகை ஆண்ட கிரிட்டேஷியக் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. நிலவியலார் இதனை ஆவடிப் படிவம் என்று குறிப்பிடுகின்றனர்.

அத்திரம்பாக்கத்தில் செந்நிறச் சரளைக்குக் கீழே இதே போலத் தோன்றும், தாள் தாளாகப் பிரியும் களிமண் இருக்கிறது. இதுவும் ஆவடிப் படிவமே என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. பத்துக் கோடி ஆண்டுக்கு முன் மனிதன் ஏது? ஆகவே அந்தக் களிமண்ணைத் தொட்டவுடன் 'இதற்குக் கீழே ஒன்றும் இராது' என்று முடிவு கட்டுவது இயல்பாயிற்று. தோற்றத்தைப் பார்த்து வைத்த ஒரு பெயர், மண்வெட்டியை நிறுத்திவிட்டது.

1999ஆம் ஆண்டில் சென்னையிலுள்ள சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்பு தம் குழுவினருடன் இங்கு அகழ்வாய்வைத் தொடங்கினார். குமார் அகிலேஷ் இவ்வாய்வில் முக்கியப் பங்கேற்றார். இவர்கள் களிமண்ணோடு நின்றுவிடவில்லை. அதனையும் வெட்டிக்கொண்டு கீழே சென்றனர். சில குழிகள் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் ஆழம் வரை சென்றன. மூன்று மாடி வீடு மூழ்கிப்போகும் ஆழம் அது.

களிமண்ணுக்குள் கைக்கோடாரிகள் இருந்தன!

மேலிருந்து வெடிப்பு வழியே விழுந்தவை அல்ல. களிமண் படிந்த போதே அதனுள் தங்கியவை. ஆகவே அக்களிமண் ஆவடிப் படிவமாக இருக்க முடியாது. தோற்றத்தில் ஒத்திருந்தாலும் காலத்தில் அதற்கும் இதற்கும் பத்துக் கோடி ஆண்டு இடைவெளி. இது ஆற்று வெள்ளம் மெதுவாகப் பரவிப் படிய வைத்த வண்டல். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன தட்டை நிலத்தின் பயன் இப்போது விளங்கும். மென்மையான வெள்ளம் கருவிகளைப் புரட்டாமல் மூடியிருக்கிறது.

மேலும் ஒரு நுட்பம். மெதுவாக ஓடும் வெள்ளம் நுண்ணிய களிமண்ணைத்தான் சுமக்கும். கிலோக்கணக்கில் எடையுள்ள கல்லைச் சுமக்காது. ஆனால் களிமண்ணுக்குள் பெரிய குவார்ட்சைட் கருவிகள் கிடக்கின்றன. அவற்றை நீர் கொண்டு வரவில்லையென்றால் யார் கொண்டு வந்தார்கள்? வேறிடத்தில் கல்லைத் தேர்ந்து, பெரிய சில்லுகளாகப் பெயர்த்து, இங்கே எடுத்து வந்து பயன்படுத்திய கைகள்தாம். விலங்குகளின் பற்களும் இவ்விடத்தில் கிடைத்துள்ளன. மாட்டினத்தையும் குதிரையினத்தையும் சேர்ந்தவை அவற்றில் அடங்கும். குளம்புகள் பதிந்த தடங்களும் காணப்பட்டன.

கல்லுக்கு வயது பார்ப்பது எப்படி?

கல்லின் வயதைக் கேட்டால் பாறை உருவான காலத்தைச் சொல்லும். நமக்கு வேண்டியது அதுவன்று. அந்தக் கல்லை ஒருவர் செதுக்கிப் பயன்படுத்திக் கீழே போட்டு, அது மண்ணில் மூடுண்ட காலம் வேண்டும். பழம்பொருள்களுக்கு வயது காண உதவும் கார்பன்-14 முறை இங்கே பயன்படாது. அது ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. உயிர்ப்பொருளும் வேண்டும்.

இங்கே இயற்பியல் கைகொடுக்கிறது. விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் இடைவிடாது புவியின் மேல் விழுந்து கொண்டிருக்கின்றன. திறந்த வெளியில் கிடக்கும் குவார்ட்சைட்டில் இக்கதிர்கள் தாக்கும்போது, சிலிக்கன் அணுக்கள் சில சிதைந்து அலுமினியம்-26 என்னும் கதிரியக்க ஐசோடோப்பும், ஆக்சிஜன் அணுக்கள் சில சிதைந்து பெரிலியம்-10 என்னும் ஐசோடோப்பும் உண்டாகின்றன. இரண்டும் ஏறத்தாழ 6.75க்கு 1 என்ற விகிதத்தில் தோன்றுகின்றன.

கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் மேலேயுள்ள மண் குடை போலக் கதிர்களைத் தடுத்துவிடும். புதிய அணுக்கள் உண்டாவது ஏறக்குறைய நின்றுபோகும். பழையவை மட்டும் சிதைந்து குறைந்து கொண்டே வரும். அலுமினியம்-26இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டு. பெரிலியம்-10இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டு. ஒன்று விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் குறைவதால் இரண்டுக்கும் உள்ள விகிதம் காலப்போக்கில் மாறுகிறது. புதைந்த போது 6.75 ஆக இருந்த விகிதம், 14 இலட்சம் ஆண்டு கழித்து ஏறத்தாழ 3.4 ஆகும். 28 இலட்சம் ஆண்டு கழித்து 1.7 ஆகும். ஆகவே இன்றுள்ள விகிதத்தை அளந்தால் புதைந்த காலம் வெளிப்படும். இரண்டு மணற்கடிகாரங்களை ஒரே நேரத்தில் கவிழ்த்து வைத்தது போன்ற ஏற்பாடு இது. கல்லூரியில் அரை ஆயுட்காலப் பாடம் நடத்தும்போது, "இந்தச் சூத்திரத்தால் என்ன பயன்?" என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

சொல்வது எளிது, அளப்பது கடினம். ஒரு கிராம் குவார்ட்சில் உள்ள மொத்த அணுக்களின் எண்ணிக்கை 3-ஐ அடுத்து 22 சுழிகள் இட்டால் வரும் எண்ணுக்கு நெருக்கமானது. நாம் தேடும் அணுக்களோ அதில் சில ஆயிரம் முதல் சில இலட்சம் வரைதாம் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவதற்குத் துகள் முடுக்கியோடு இணைந்த நிறமாலைக் கருவி வேண்டும். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சில இதற்காகப் பிரான்சு நாட்டின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள ஆய்வகத்திற்குச் சென்றன. ஒரு பிரெஞ்சுச் சிற்றூரின் பெயர் தமிழ்நாட்டுக் கற்களுக்கு வந்தது போல, தமிழ்நாட்டுச் சிற்றூரின் கற்கள் பிரான்சுக்குச் சென்றன! குழுவில் பிரெஞ்சு நிலவியலார் மோரிஸ் தையெப்பும் இருந்தார். எத்தியோப்பியாவில் 1974இல் 'லூசி' என்னும் புகழ்பெற்ற எலும்புக்கூடு கிடைத்த ஹதார் பகுதியை முதலில் ஆராய்ந்து காட்டியவர் அவரே.

ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பளிப்பது அறிவியலுக்கு அழகன்று. எனவே இரண்டாவது சாட்சியும் தேடப்பட்டது. அது புவியின் காந்தப்புலம். புவிக்காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் கடந்த காலத்தில் பலமுறை இடம் மாறியுள்ளன. கடைசி மாற்றம் ஏறத்தாழ 7.8 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. களிமண் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்தப்புலத்தின் திசையில் நின்று அப்படியே உறைந்துவிடும். அத்திரம்பாக்கத்தின் அடியடுக்குகளில் அத்துகள்கள் தலைகீழ்த் திசையைக் காட்டின. அதாவது, அம்மண் கடைசி மாற்றத்திற்கு முற்பட்டது.

இரு சாட்சிகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுக்குழு 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டது. அடியடுக்கின் கருவிகள் எப்படிப் பார்த்தாலும் 10.7 இலட்சம் ஆண்டுகளுக்குப் பிற்பட்டவை அல்ல. அளவீடுகளின் சராசரி 15.1 இலட்சம் ஆண்டு. பிழை எல்லை கூட்டல் கழித்தல் 70,000 ஆண்டு.

இந்த எண்ணின் பொருள் என்ன? உலகில் அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய அச்சூலியன் கருவிகளில் சில கென்யாவில் துர்க்கானா ஏரிக்கு மேற்கே கிடைத்தவை, வயது 17.6 இலட்சம் ஆண்டு. நம் அத்திரம்பாக்கம் அதற்குச் சற்றே பிந்தியது. ஆனால் பண்பாட்டுக்குப் பெயர் கொடுத்த செயின்ட் அச்சூல் கருவிகளோ ஏறத்தாழ நான்கரை இலட்சம் ஆண்டுப் பழமையே உடையவை. பெயர் வைத்தவர் வயதில் இளையவராகிவிட்டார்!

மேலடுக்குகள் சொன்ன செய்தி

அத்திரம்பாக்கத்து மண் ஒரே ஒரு காலத்தின் பதிவன்று. கீழடுக்குகளில் பெரிய கைக்கோடாரிகள் கிடைக்கின்றன. மேலே வர வர அவை மறைந்து, சிறிய சில்லுக் கருவிகள் மிகுகின்றன. கல்லை முன்கூட்டியே ஒரு வடிவத்திற்குத் தயாரித்து, பின்னர் ஒரே அடியில் வேண்டிய சில்லைப் பெயர்த்தெடுக்கும் முறை தோன்றுகிறது. எந்தச் சில்லு எப்படிப் பெயரும் என்று அடிக்கும் முன்பே மனத்தில் காணும் ஆற்றல் இதற்குத் தேவை. இதை இடைப் பழங்கற்காலம் என்பர்.

இம்மேலடுக்குகளின் வயதை அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அறிவியலாரோடு சேர்ந்து கண்டறிந்தனர். முறை வேறு, தத்துவம் முன்னதைப் போன்றதே. மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கம் அருகிலுள்ள தாதுமணிகளில் எலெக்ட்ரான்களைச் சிறிது சிறிதாகச் சிறைப்படுத்துகிறது. வெயில் பட்டால் அவை விடுபட்டுவிடும். புதைந்த பின்போ வெயில் ஏது? எலெக்ட்ரான்கள் சேர்ந்து கொண்டே போகும். ஆய்வகத்தில் அம்மணிகளின் மேல் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால் அவை விடுபட்டு மெல்லிய ஒளியை உமிழும். ஒளியின் அளவு, கடைசியாக வெயில் கண்ட நாளைச் சொல்லும். இதற்காக மண் மாதிரியை வெளிச்சமே படாமல் எடுக்க வேண்டும். ஒரு கணம் வெயில் பட்டாலும் இலட்சக்கணக்கான ஆண்டுகளின் கணக்கு அழியத் தொடங்கிவிடும்.

விடை 2018ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. இப்புதிய முறை இங்கே ஏறத்தாழ 3.85 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 1.72 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை தொடர்ந்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து இன்றைய மனித இனம் ஏறத்தாழ 1.25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரோ அதன் பின்னரோ வந்தபோதுதான் இத்திறனை இந்தியாவிற்குக் கொண்டு வந்தது என்று அதுவரை பலர் கருதி வந்தனர். அக்கருத்தை அத்திரம்பாக்கம் மறுபரிசீலனைக்கு உட்படுத்திவிட்டது.

இக்காலப் பரப்பை மனத்தில் கொள்வது கடினம். பதினைந்து இலட்சம் ஆண்டுகளை ஒரு நாளாகச் சுருக்குவோம். நள்ளிரவில் முதல் கைக்கோடாரி செதுக்கப்படுகிறது. இடைப் பழங்கற்காலம் தொடங்கும்போது மாலை ஐந்தே முக்கால் மணி கடந்துவிட்டது. சங்கப் புலவர்கள் பாடும்போது அடுத்த நள்ளிரவுக்கு இரண்டு நிமிடமே பாக்கி. ஃபுட் இங்கு வந்தது கடைசிப் பத்து விநாடிக்குள்.

பெருமை எது?

இச்செய்தியைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, தமிழன் பதினைந்து இலட்சம் ஆண்டுக்கு முன்பே வாழ்ந்தான்" என்று சிலர் மார்தட்டக் கூடும். அது சரியன்று. இன்றைய மனித இனமாகிய நாம் தோன்றியே ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுதான் ஆகிறது. அத்திரம்பாக்கத்தின் அடியடுக்குக் கருவிகளைச் செய்தவர்கள் நமக்கு முற்பட்ட வேறொரு மனித இனத்தார். அவர்களின் எலும்பு இங்குக் கிடைக்கவில்லை. தமிழ் உட்பட இன்று வழங்கும் எந்த மொழியோடும் அவர்களைத் தொடர்புபடுத்த முடியாது. நாம் பெருமைப்படத் தக்கது வேறொன்று. மனித குலம் முழுவதற்கும் பொதுவான ஓர் ஆவணத்தைக் காக்கும் பொறுப்பு நம் வட்டாரத்து மண்ணுக்கு வாய்த்திருக்கிறது.

அந்த ஆவணம் எத்தகையது என்பதை இதுவரை பார்த்தோம். கல் கிடந்த அடுக்கு, அடுக்கின் மண், மண்ணின் காந்தத் திசை, வெயில் படாத இருள். இத்தனையும் சேர்ந்துதான் வயதைச் சொல்லின. கல்லை மட்டும் எடுத்து வீட்டு அலமாரியில் வைத்தால் அது அழகான கல், அவ்வளவே. 1859இல் செயின்ட் அச்சூலில் கற்ற பாடமும் இதுதான்.

இன்று நம் புறநகர்ப் பகுதிகளில் வீடுகள் பெருகி வருகின்றன. ஒவ்வொரு மனையையும் மேடாக்கச் சவுடு மண்ணும் கிராவலும் லாரி லாரியாக வருகின்றன. அவை எங்கிருந்து வருகின்றன என்று நாம் கேட்பதில்லை. பல்லாவரம், செங்குன்றம், பூண்டி வட்டாரங்களின் செந்நிறச் சரளை மனைக்கு நல்ல அடித்தளம். பழங்கற்காலக் கருவிகள் புதைந்திருப்பதும் அத்தகைய சரளையில்தான். மண் அள்ளும் இயந்திரத்தின் ஒரு வீச்சு, பல இலட்சம் ஆண்டுகளின் அடுக்கைச் சில விநாடிகளில் கலைத்துவிடும். கலைந்த அடுக்கை எந்த முடுக்கியாலும் மீண்டும் படிக்க இயலாது.

செயின்ட் அச்சூலும் இன்று தனிச் சிற்றூராக இல்லை. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது போல, அதுவும் அமியான் நகரோடு கலந்துவிட்டது. ஆனால் வீடுகளுக்கு நடுவே பழைய குழியின் மண்சுவர் ஒன்றை அந்நகரத்தார் விட்டுவைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றித் தொல்லியல் பூங்கா அமைத்து, அடுக்குகளை மாணவர்க்குக் காட்டுகிறார்கள். நகரம் வளர்வதும் மண்ணின் வரலாறு காக்கப்படுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அச்சுவரே சான்று.

நம்மிடமும் வாய்ப்பு உண்டு. பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. இவ்வட்டாரத்துக் கற்கருவிகளை அங்கே காணலாம். ஃபுட் வாழ்நாள் முழுவதும் சேர்த்த கருவிகள் 1904இல் சென்னை அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தன. எழும்பூரில் கைக்கோடாரிகளைப் பார்க்கலாம். மாணவர்கள் ஒருமுறையேனும் சென்று பார்க்க வேண்டும்.

அடுத்த முறை ஓடைக்கரையிலோ, மனைக்குக் கொட்டிய சரளைக் குவியலிலோ, இருபுறமும் செதுக்கிய இலை வடிவக் கல் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும்? ஓடைச் சுவரில் பதிந்திருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். அது இருக்கும் இடத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஊர், நாள், ஆழம் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். தொல்லியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். குவியலில் கிடைத்தால், அந்த மண் எங்கே வெட்டப்பட்டது என்று லாரி ஓட்டுநரைக் கேளுங்கள். கல் பேசுவது, அது கிடந்த இடத்தின் மொழியில்தான்.